மனசு வெளியே போன நேரம்

"மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்தத் தெரிந்தவர்கள் இந்தியாவில் இரண்டே பேர். இன்னொருவர் இமயமலையில் இருக்கிறார்" என்று ஜகதீசன் அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பி.எஸ்ஸி. இயற்பியலை இரண்டாம் முறை எழுதப் போகிறவனுக்கு அந்த நிதானம் வேண்டியதுதான்.

எழுபத்தாறாம் வருடக் கோடை. தார்நாகா குவார்ட்டர்ஸின் ஜன்னல் வழியே இலவம்பஞ்சு மிதந்து வந்துகொண்டிருந்தது. அண்ணன் மகள் நீலா அதன் பின்னாலேயே இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தாள். எட்டு வயது. நாளை தலைமையாசிரியை முன்னால் ஒரு பக்கம் படித்து, படித்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் மூன்றாம் வகுப்புதான்.

அவள் மடியில் ஒரு நோட்டு. அவள் அப்பாவின் ஃபேக்டரியில், வேலை நேரத்தில் வெளியே போகிறவர்கள் கேட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். மன்னி கல்பகம் அதே மாதிரி கோடு போட்டுக் கொடுத்திருந்தாள்: எந்த வரியிலிருந்து, எங்கே, திரும்பியாச்சா.

ஜகதீசன் எட்டிப் பார்த்தான்.

'அஞ்சாவது வரி. பஞ்சுமேல உட்கார்ந்து மௌலாலி மலை. திரும்பினேன். ஒம்பதாவது வரி. ரயில். எந்த ஊர்னு தெரியலை. திரும்பினேன்.'

"ஏன் மன்னி, மனசுக்கு கேட் பாஸா? வாட்ச்மேன் யாரு?"

"நான்தான்" என்றாள் நீலா. "நக்கோ, வேண்டாம் சித்தப்பா. நீ பேசினா அதையும் எழுதணும்."

"கேலி பண்ணாதேடா" என்றாள் கல்பகம். "போகாதே போகாதேன்னு அதட்டியே ரெண்டு வருஷம் வீணாப் போச்சு. போனது தெரிஞ்சா, தானே திரும்பி வரா."

மறுநாள் ஜகதீசன்தான் அழைத்துப் போனான். தலைமையாசிரியை அறையில் மின்விசிறி தூங்கி வழிந்தது. நீலா ஒட்டகப் பாடத்தை எடுத்தாள். நாலாவது வரியில் குரல் நின்றுவிட்டது. கண்கள் ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தின் உச்சியில்.

ஆனால் அவள் விரல் மட்டும் வரியை விட்டு நகரவில்லை.

"போயிட்டேன்" என்று முணுமுணுத்தாள். ஒரு மூச்சு. "வந்துட்டேன்."

அதே வரியிலிருந்து படித்தாள். முடித்ததும் ஒட்டகம், வற்றிய கிணறு, தாகத்தில் அழுத வியாபாரி என்று ஒன்று விடாமல் சொன்னாள். தலைமையாசிரியை 'நான்காம் வகுப்பு' என்று எழுதிவிட்டு, ஒட்டகம் கடைசியில் எங்கே போனது என்று ஜகதீசனைச் சும்மா கேட்டார்.

அந்த ஒட்டகத்தின்மேல் ஏறி அவன் ஆபிட்ஸ் கடைவீதியில் இரானி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்கு, மேடம்."

நீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் வெப்பவியலில் நாலு பக்கம் புரட்டினான். ஒன்றும் தங்கவில்லை. வாசலில் நீலா பஞ்சு துரத்திக்கொண்டிருந்தாள். மன்னி அடுப்படியில். அவன் அந்த நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் சத்தமில்லாமல் கோடு போட்டான்.

'மூன்றாவது வரி. ஒட்டகம். ஆபிட்ஸ். திரும்பினேன்.'