யார் குடத்துத் தண்ணீர்

சரளாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது ஜூடித் மிஸ் மேல்தான். அவள் மத்தியானத்தில் தூங்குவதில்லை. தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள், அவ்வளவுதான்.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். பெங்களூருக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த க்ஷயரோக ஆஸ்பத்திரியில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ரெஸ்ட் அவர். மணி அடித்ததும் பேச்சு நின்றுவிட வேண்டும். புத்தகம் கூடாது, பின்னல் ஊசி கூடாது, எழுந்து உட்காரவும் கூடாது. ஊசி மருந்து பாதி, படுக்கை பாதி என்பார் டாக்டர் அனந்தபத்மநாபன். நாலு கட்டில் போட்ட அந்தப் பெண்கள் அறையில் சரளாதான் சின்னவள், பதினாறு வயது. ஜீவனஹள்ளியில் வீடு. அப்பா கிருஷ்ணப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது இருமலில் ரத்தம் வந்து, மார்ச் மாதம் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பக்கத்துக் கட்டில் சந்திரம்மா. அதே ஜீவனஹள்ளி, இரண்டு தெரு தள்ளி. நூல் மில்லில் பன்னிரண்டு வருஷம் நின்றவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். எதிர்க் கட்டில் அலர்மேல்மங்கை, மல்லேஸ்வரத்துப் பெரிய வீட்டு மருமகள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஜன்னலோரக் கட்டில் ஜூடித்துடையது. ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். முப்பது வயதிருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாகப் பேச மாட்டாள்.

ஜூன் மாதம் ஒரு நாள், நாலு மணி அடித்து எல்லோரும் எழுந்தபோது சந்திரம்மா கொட்டாவி விட்டபடி கேட்டாள்.

"ஏண்டி சரளா, இன்னிக்கி கொழாயாண்ட எவ்ளோ நீட்டு கியூ, பார்த்தியா?"

"எந்தக் கொழாய்க்கா?"

"அதான், சிங்க வாய்க் கொழாயி. நீகூட முன்னாடி நின்னுக்கினு இருந்தியே."

சற்று முன்வரை சரளாவும் அங்கேதான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து தினமும் மத்தியானம் அவளுக்கு அதே கனவு. செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர், சுவருக்குப் பின்னால் வீடே கிடையாது, ரோட்டின் கோடியில் இரும்பில் வார்த்த சிங்க முகம், அதன் வாயிலிருந்து தண்ணீர் வரும் குழாய். பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். சரளா மட்டும் வரிசையில் நிற்பதில்லை. நேரே முன்னால் போய், குழாயில் வாய் வைத்துக் குடிப்பாள். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரை அவள் ஜென்மத்தில் குடித்ததில்லை.

"நேக்கும் அந்தக் குழாய் வரது," என்றாள் அலர்மேலு மெதுவாக. "யாரோ வந்து தாகமா இருக்குன்னு கேக்கறா. முடியாதுன்னு சொல்லவே வாய் வரமாட்டேங்கறது. குடத்தைச் சாய்ச்சுக் கொடுத்துடறேன். அவ முகம் மட்டும் தெரியறதே இல்லை."

"எனக்கும் அதே கதைதான்," என்றாள் சந்திரம்மா. "யாரோ தினம் வந்து குடிச்சிட்டுப் போறா. என் குடத்துல இப்ப அடி தெரியுது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜூடித் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அன்றிலிருந்து சரளா கவனிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடை பார்ப்பார்கள். சந்திரம்மா வாராவாரம் குறைந்துகொண்டே வந்தாள். அலர்மேலுவும் குறைந்தாள். ஜூடித் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சரளா மட்டும் வந்தபோது எழுபத்தொன்பது பவுண்டு இருந்தவள் தொண்ணூறைத் தாண்டிவிட்டாள். "இந்தப் பொண்ணைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார். சின்ன வயசு, சீக்கிரம் தேறுகிறோம் என்றுதான் சரளா நினைத்தாள்.

கனவிலும் கவனித்தாள். வரிசையில் ஜூடித் இல்லை. ஆனால் சுவரோரமாக, தனியாக, ஒரு பித்தளைக் குடம் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தது. அது யாருடையது என்று யாரும் சொல்லாமலே சரளாவுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் குடமெல்லாம் காலியாகும்போது அது மட்டும் எப்படி நிறைந்திருக்கிறது? எதற்காக அதை மூடி வைத்திருக்கிறாள்?

ஒரு வியாழக்கிழமை, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, இமை இடுக்கால் பார்த்தாள். தூக்கம் வராமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள். அரை மணி கழித்து ஜூடித் தலையைத் தூக்கினாள். சந்திரம்மாவைப் பார்த்தாள், அலர்மேலுவைப் பார்த்தாள். பிறகு சரளாவின் பக்கம் திரும்பி வெகுநேரம் கண்ணெடுக்காமல் பார்த்தாள். தலையணைக்கடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினாள்.

யாரிடம் சொல்வது? சிஸ்டரிடம் சொன்னால் ஜுரத்தில் உளறுகிறாள் என்பாள். சந்திரம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு சந்திரம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்திரம்மா ரெஸ்ட் அவர் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. நாலு மணி அடித்தபோது வாயோரம் ரத்தம் கசிந்திருந்தது. சிஸ்டர் ஓடிவந்தாள், டாக்டர் வந்தார், ஸ்கிரீன் போட்டு மறைத்தார்கள். ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சந்திரம்மாவின் புருஷன் முனியப்பன் லாரி பிடித்து வந்து சேர்ந்து, தலைமாட்டில் நின்று அழுதான்.

அன்று மத்தியானம் கனவில் தண்ணீர் எப்போதையும்விட அதிகமாக வந்திருந்தது. வயிறு முட்டக் குடித்த நினைவு சரளாவுக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜூடித்தை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அலர்மேலு கண்ணயர்ந்திருந்தாள். சரளா எழுந்து போய், ஜன்னலோரக் கட்டிலின் தலையணைக்கடியில் கையை விட்டு நோட்டை எடுத்தாள். முத்து முத்தான டீச்சர் கையெழுத்து. மே மாதத்திலிருந்து தேதி போட்டு எழுதியிருந்தாள்; கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள்.

'ஜூன் 14. ச. தூங்கினாள். சந்திரம்மாவுக்கு மாலையில் ஜுரம் 102.

ஜூன் 18. எடை. ச. இரண்டு பவுண்டு கூடுதல். சந்திரம்மா மூன்று குறைவு. அலர்மேலு ஒன்று குறைவு.

ஜூன் 23. ச. தூங்கவில்லை, நடிக்கிறாள். இன்று யாருக்கும் ஜுரம் இல்லை.

ஜூன் 28. ச. நன்றாகத் தூங்கினாள்.'

அதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சரளா இரண்டாம் தரம் படித்தாள், மூன்றாம் தரம் படித்தாள். 'ச.' என்பது சந்திரம்மாவாக இருக்கக் கூடாதா என்று பார்த்தாள். சந்திரம்மா பெயர் பக்கத்திலேயே முழுசாக இருந்தது.

ஜூடித் திரும்பி வந்தபோது நோட்டு சரளாவின் மடியில் கிடந்தது. ஜூடித் அதைப் பிடுங்கவில்லை. "வராண்டாவுக்கு வா," என்றாள்.

வராண்டாவில் யாருமில்லை. சாயங்கால வெயில் சவுக்கு மரங்களுக்கிடையே சாய்ந்திருந்தது.

"நான் வந்த புதுசுல நானும் தூங்கினேன்," என்றாள் ஜூடித். "ஒரு பொண்ணு வந்து, தாகமா இருக்குன்னு கேட்டுது. ரெண்டு நாள் கொடுத்தேன். மூணாம் நாள் இல்லைன்னு சொன்னேன். ஸ்கூல்ல நாற்பது பிள்ளைங்களுக்கு இல்லைன்னு சொல்லிப் பழக்கம். சொன்ன உடனே முகம் தெரிஞ்சுது."

"என் முகமா?"

"உன் முகம்."

"நான் கொழாயிலதான் குடிச்சேன் மிஸ்! சத்தியமா கொழாயிலதான் வாய வெச்சேன்!"

"அப்படித்தான் உனக்குத் தெரியுது போல. அந்தக் குழாய்ல ஒரு சொட்டுத் தண்ணி வந்து நான் பார்க்கலை."

சரளாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? ரெண்டு மாசமா எழுதிக்கினு மட்டும் இருந்தீங்க. சந்திரம்மாக்கா போற வரைக்கும் பார்த்துக்கினு இருந்தீங்க!"

ஜூடித்தின் முகம் வெளுத்தது. "நீ தெரிஞ்சு பண்றியா, தெரியாம பண்றியான்னு எனக்குப் புரியலை. தெரிஞ்சு பண்றவளா இருந்து, நான் கண்டுபிடிச்சுட்டேன்னு உனக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவியோன்னு… பயந்தேன், சரளா. பதினாறு வயசுப் பொண்ணைப் பார்த்துப் பயந்தேன். அது என் தப்புதான்."

சரளா அவளை நம்பினாள் என்று சொல்ல முடியாது. தன் மேல் பழியைத் தள்ளிவிட்டு இவளே குடிக்கிறாளோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். ஆனால் தொண்ணூற்று மூன்று பவுண்டு உடம்பு அவள் கூடவே படுத்திருந்தது. அதை யார் மேல் தள்ளுவது?

தூங்காமலிருக்க முயன்றாள். நாக்கைக் கடித்தாள், தொடையைக் கிள்ளிக்கொண்டாள். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அலர்மேலுவின் புருஷன் தேசிகன் வந்திருந்தான். ஜுரம் இறங்கி, உடம்பு கொஞ்சம் தேறினால்தான் ஆபரேஷன், இல்லாவிட்டால் கைவிட வேண்டியதுதான் என்று டாக்டர் அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னது சரளாவின் காதில் விழுந்தது. அலர்மேலுவுக்கும் விழுந்திருக்க வேண்டும். தேசிகன் போன பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அன்று மணி அடித்ததும் சரளா ஜூடித்தைப் பார்த்துச் சொன்னாள்: "நான் தூங்கப் போறேன் மிஸ். என்னை எழுப்பாதீங்க."

செம்மண் ரோடு வந்தது. இந்தத் தடவை அவள் ஓடவில்லை. ஒவ்வொரு அடியும் பார்த்து வைத்தாள். சிங்க முகத்தின் அருகில் போய்க் கையை நீட்டித் தொட்டாள். இரும்பு காய்ந்து கிடந்தது. வாய்க்குள் துரு, துருவின் மேல் சிலந்தி வலை. வருஷக்கணக்காக அதில் தண்ணீர் வந்திருக்காது.

ஆனாலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பினாள். அலர்மேலு குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தின் அடியில் ஒரு கை தண்ணீர் மிச்சமிருந்தது. அதைப் பார்த்ததுமே சரளாவின் தொண்டை எரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 'தாகமா இருக்கு' என்ற சொல் தானாக வாய்க்குள் வந்து நின்றது. சொன்னால் போதும். சொன்னால் இந்த உலகத்தில் யாரும் அவளுக்கு இல்லையென்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பலம் தன்னிடம் இருப்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அதைவிடப் பயங்கரம், அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சொல்லைப் பல்லால் கடித்து விழுங்கினாள். தன் இடுப்பைப் பார்த்தாள். அங்கே ஒரு குடம் இருந்தது, விளிம்பு வரை தளும்பிக்கொண்டு. இத்தனை நாள் அதைக் குனிந்து பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் தூக்கி, அலர்மேலுவின் குடத்தில் சாய்த்தாள். பாதியில் நிறுத்திவிடு என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. கடைசிச் சொட்டு விழும்வரை சாய்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது ஜூடித் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். தலையணையெல்லாம் ரத்தம். நூற்று மூன்று ஜுரம்.

ஆகஸ்ட் மாதம் அலர்மேலுவுக்கு ஆபரேஷன் நடந்தது. அக்டோபரில் மல்லேஸ்வரத்துக்குப் போனாள். போகும்போது சரளாவின் கன்னத்தைத் தடவி, "என்னடி இது, எலும்பாப் போயிட்டே. நன்னாச் சாப்பிடு," என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஜூடித்தும் சொல்லவில்லை, சரளாவும் சொல்லவில்லை.

எப்போதும் முந்தித் தேறிய பெண்ணுக்கு என்ன வந்தது என்று டாக்டருக்குப் புரியவில்லை. மருந்தை மாற்றினார், படுக்கையை நீட்டித்தார். சரளா இன்னும் பத்து மாதம் அங்கே கிடந்தாள். தினமும் மத்தியானம் காலிக் குடத்தோடு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். யாரிடமும் கேட்கவில்லை. குடத்தில் எப்போது, எங்கிருந்து தண்ணீர் ஊறியது என்று அவளால் பார்க்க முடிந்ததில்லை. மாதத்துக்கு ஒரு விரற்கடை உயர்ந்தது. எடையும் அதே மெதுவில் ஏறியது. ஜனவரியில் ஒரு நாள் சுவரோரமிருந்த பித்தளைக் குடத்தை யாரோ எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றார்கள். மூடியில்லை. ஜூடித் மிஸ் மறுபடி தூங்க ஆரம்பித்திருந்தாள்.

மறு வருஷம் மே மாதம் சரளா வீட்டுக்குத் திரும்பினாள். ஒரே அறை வீடு. அம்மா காந்தா தன் பக்கத்தில் பாய் விரித்தபோது, நான் சமையலறையில் படுக்கிறேன் என்றாள். நோய் ஒட்டிவிடுமோ என்று மகள் பயப்படுவதாக நினைத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தெரு தள்ளி முனியப்பனின் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் உட்கார்ந்து மூன்றாவது பெண் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். எழுந்து வரவேற்றான். "எங்க வீட்டுக்காரி உன்னைப் பத்தி ரொம்ப சொல்லுவா, தாயி. உக்காரு, காப்பி குடி." ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்று அவன் ஒதுங்கவில்லை. குழந்தை சரளாவின் மடியில் வந்து சாய்ந்தது. அதையும் அவன் தடுக்கவில்லை.

சரளா எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், குடம், நோட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒன்றையும் விடவில்லை. பாதியில் சிரிப்பான், இல்லை எழுந்து திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குறுக்கே பேசவே இல்லை.

"கடைசியா நான் பார்க்க வந்தப்ப சொன்னா," என்றான், தரையைப் பார்த்தபடி. "மாமா, கனவுல யாரோ என் குடத்துத் தண்ணியக் குடிக்கிறாங்கன்னா. நான் பேஜாரு பண்ணாம தூங்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பிறகு தலையைத் தூக்கி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"பாப்பா, எந்திரி. உள்ள போ."

குழந்தை போகாமல் சிணுங்கியது. அவன் எழுந்து வந்து அதைச் சரளாவின் மடியிலிருந்து தூக்கி, உள்ளே கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினான். வெளியே வந்து கதவுக்கு முன்னால் நின்றான்.

"நீ போயிட்டு வா, தாயி."

சரளா எழுந்து தெருவில் நடந்தாள். நெஞ்சு வலித்தது. ஆனாலும் நடை லேசாக இருந்தது. தான் சொன்னதை அவன் நம்பிவிட்டான்.