மூன்று பேனாவால் எழுதிய சேர்விஸ் புத்தகம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் எங்கள் ஊர் மடவளையில் ஒருவரும் முழுதாக வாசித்ததில்லை. என் மனைவி றலியா முதலாவதைப் பதினோராம் பக்கம் வரை வாசித்துவிட்டு, "இதுல ஒருத்தரும் சிரிக்கிறதே இல்லயே" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். நான் எழுதியதில் ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து, நம்பி, சந்தோஷப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பழைய காரின் சேர்விஸ் புத்தகம்.

[இதற்கு முன் வேறொரு தொடக்கம் வைத்திருந்தேன்: "மகாவலியின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த". பனியும் இல்லை, மகாவலியும் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரிவது ஒரு டயர் கடையின் பின்சுவர்.]

2.

என் சாச்சியின், அதாவது சின்னம்மாவின், மகன் ரிஸ்மி கட்டுகஸ்தோட்டையில் பழைய கார்கள் விற்கும் கார் சேல் வைத்திருக்கிறான். அங்கே ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார் மூன்று மாதமாக விலைப்படாமல் கிடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் சேர்விஸ் ரெக்கோட் கேட்டார்கள். அது இல்லை. ஒரு வரியும் எழுதாத சேர்விஸ் புத்தகம் மட்டும் இருந்தது.

"நானா, நீங்க எழுத்தாளர் தானே. ஒரு பத்துப் பக்கம் எழுதித் தாங்களே" என்றான். (நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.)

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இருபது வருடத்தில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் எழுத்துக் கேட்கிறார்.

உடனே காரின் பழைய சொந்தக்காரியாக ஒரு பாத்திரத்தைப் படைத்தேன். திருமதி இராஜேஸ்வரி, நாவலப்பிட்டி, ஓய்வுபெற்ற தபாலதிபர். மூன்றாவது கியருக்கே யோசித்துப் போகிறவர். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருதரம் தவறாமல் ஒயில் மாற்றுகிறவர். மூன்று பேனா, மூன்று விதமான கையெழுத்து, ஒரு பக்கத்தில் கிறீஸ் விரல் அடையாளம்.* பத்தாம் பக்கம் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. அதனால் "பிரேக் பேட், பிரேக் ஒயில் மாற்றப்பட்டது" என்று சேர்த்தேன். பக்கம் நிறைந்தது.

(* கராஜின் ரப்பர் முத்திரையை ரிஸ்மி பார்த்துக்கொண்டான். எங்கே எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.)

3.

காரை வாங்க வருகிறவரைப் பற்றித்தான் பெரிய சந்தேகம். முதல் பிரதியில் அவர் வாய் நீண்ட, வட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் ஆள். அப்படிப்பட்டவர் ஏமாந்தால் வாசகருக்கும் எனக்கும் நிம்மதி. ஆனால் வந்தவர் கிருஷாந்தன், கலஹாவில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். கூடவே மனைவி துஷானி, ஏழு மாதக் கர்ப்பிணி. போன சனிக்கிழமை.

நான் அங்கே ஏன் போனேன்? வாசகர் வாசிப்பதைப் பார்க்கத்தான். என் புத்தக வெளியீட்டுக்குக்கூட இவ்வளவு ஆசையாகப் போனதில்லை. அந்தத் தபாலதிபர் அம்மாவைத் தெரிந்தவர் என்று ரிஸ்மி என்னை அறிமுகப்படுத்தினான்.

கிருஷாந்தன் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். "நல்லா பாத்துக்கிட்டிருக்காங்க இந்தம்மா" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போதுதான் துஷானி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இங்க பாருங்க. ரெண்டாயிரத்து இருவத்திரெண்டு ஜூன்ல இருந்து ஆகஸ்ட்டுக்குள்ள அஞ்சாயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்காம். அப்ப நம்ம ஸ்கூட்டிக்கே பெற்றோல் இல்ல. இவங்க மட்டும் எதுல ஓட்டுனாங்க?"

நாடே பெற்றோலுக்குத் தவித்த அந்த ஜூனில் மூன்று நாள் வரிசையில் நின்று, ஒரு லீற்றரும் கிடைக்காமல் காரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். அதை மறந்து எழுதியிருக்கிறேன்! ரிஸ்மி என்னைப் பார்த்தான்.

"அவங்கட மருமகனுக்கு பெற்றோல் ஷெட் ஒண்டு இரிக்கி, தங்கச்சி" என்றேன்.

இருவருக்கும் முகம் தெளிந்தது. காரை ஓட்டிக்கூடப் பார்க்காமல் அட்வான்ஸைக் கொடுத்து, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சிறந்த வரி அது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அப்போது வெட்கப்படவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

4.

இன்று காலை துஷானி எனக்குப் போன் எடுத்தார்.

"சார், மூணு மணிக்கு காரெடுக்க வர்றோம். அதுக்கு முன்னாடி அந்த போஸ்ட் ஒபீஸ் அம்மாவோட நம்பர் குடுப்பீங்களா? பிரசவத்துக்கு கலஹா ரோட்டு இறக்கத்துலதான் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகணும். பொம்பளைக்குப் பொம்பள கேட்டா காரப் பத்தி உள்ளத சொல்லுவாங்கல்ல?"

"தேடிப் பார்த்துத் தாறேன்" என்றேன். இராஜேஸ்வரியை எங்கே போய்த் தேடுவது?

நேரே ரிஸ்மியிடம் வந்தேன். "இந்தக் கார்ட பிரேக்க எப்ப மாத்தின?"

அவன் சிரித்தான். "அத நீங்க தானே நானா மாத்தின. பத்தாம் பக்கத்துல."

காரில் ஏறிப் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பாதம் தரைவரை போனது. பிரேக்கே இல்லை.

5.

முடிவுகள்:

(அ) ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை பிறக்கிறது, கார் ஓடுகிறது, எழுத்தாளர் அடுத்த தொகுப்பை வெளியிடுகிறார். எழுத மிகச் சுலபமானது இதுதான்.

(ஆ) றலியாவை இராஜேஸ்வரியாகப் பேச வைக்கிறேன். [றலியாவிடம் போனில் கேட்டேன். அவள் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது. ஆனால் அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.]

(இ) மழை நாள், கலஹா இறக்கம், கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ். கிருஷாந்தன் பிரேக்கை மிதி

இல்லை, இதை எழுத மாட்டேன். எழுதவே கூடாது.

6.

இதையெல்லாம் அந்தக் காருக்குள் இருந்தபடி போனில் எழுதுகிறேன். கதவுகளைப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப் பைக்குள் இருக்கிறது. ரிஸ்மி கண்ணாடியில் தட்டித் தட்டி அலுத்துப்போய், என் உம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லப்போவதாக மிரட்டுகிறான். ஐம்பத்திரண்டு வயதில் உம்மாவுக்குப் பயப்படுகிறேன். ஆனாலும் இறங்கவில்லை.

மூன்று மணி ஆகிவிட்டது. வாசல் கேற்றடியில் ஓட்டோவொன்று நிற்கிறது. கிருஷாந்தன் முதலில் இறங்கி, துஷானியைக் கைபிடித்து இறக்குகிறார். இருவரும் காரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உள்ளே நான் இருப்பது இன்னும் தெரியவில்லை.

இப்போது கதவைத் திறந்து, புத்தகம் முழுவதும் பொய், எழுதியவன் நான், பிரேக் வேலை செய்யாது என்று என் வாயாலேயே சொல்லப் போகிறேன். கிருஷாந்தன் அடிப்பாரா, துஷானி அழுவாரா, ரிஸ்மி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னை எழுத விடாதீர்கள். நான் எழுதினால் எல்லோரும் என்னை மன்னித்துவிடுவார்கள்.