ஐந்தாவது வரிசை

திருவொற்றியூர் தேரடி நிறுத்தத்தில் திருமலை பேருந்துக்காக நின்றிருந்தார். எதிரே கம்ப்யூட்டர் விளையாட்டு சென்டரின் கண்ணாடிக் கதவை யாரோ திறந்தார்கள். உள்ளே ஒரு திரையில் கன்டெய்னர்கள் தெரிந்தன. சிவப்பு, நீலம், மூன்று அடுக்கு. நடுவில் ஒருவன் துப்பாக்கியுடன் ஓடினான். கதவு மூடிக்கொண்டது.

பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை.

உள்ளே எட்டுக் கணினிகள். மேசைக்குப் பின்னால் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சுவரில் அவளுடைய டிப்ளமா சான்றிதழ் மாட்டியிருந்தது. கட்டட வரைவாளர். எழில்மொழி.

"அது எந்த யார்டும்மா?" என்று கேட்டார்.

"எதுண்ணா?"

"அந்தப் பையன் ஓடறானே, அது."

"நெஜ எடம் இல்லண்ணா. யாரோ கட்டுனது."

"யாருன்னா கட்டலாமா?"

"கட்டலாம். சிடிலயே டூல் குடுத்திருக்கான்."

திருமலை ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எங்க யார்ட கட்டித் தர்றியா?" என்றார்.

அவர் எண்ணூர் சாலையில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் க்ரேன் ஆபரேட்டர். நான்கு மாதத்துக்கு முன், காலை பத்தேகாலுக்கு, லாரியிலிருந்து தூக்கிய இருபதடிப் பெட்டியை ஐந்தாவது வரிசையில் இறக்கினார். அந்த இடம் காலி என்று தாளில் இருந்தது. அங்கே லோகநாதன் நின்றிருந்தான். பெட்டி எண்களைச் சரிபார்க்கும் செக்கர். இருவரும் ஒன்பது வருடம் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள்.

அவன் சாவு பற்றி மூன்று வாரத்தில் விசாரணை அறிக்கை வந்தது. ஆபரேட்டரின் பார்வைக்கு எட்டாத இடம் என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் அவர் கேபினில் ஏறினார். வேலை நடந்தது.

அறிக்கையின் நகலை லோகநாதனின் மனைவி தாயம்மாவிடம் கொடுக்க வியாசர்பாடிக்குப் போனார். அவள் அதை வாசிக்காமல் மடித்து வைத்தாள்.

"மேலருந்து தெரியாதாண்ணா?" என்று கேட்டாள்.

"அப்டித்தான் எழுதிக்கிறாங்க."

"நான் அவங்கள கேக்கல."

அவருக்குத் தெரியாது. யார்டில் அடுக்கு தினமும் மாறும். அன்றைய அடுக்கு மறுநாளே இல்லை. அதே போல அடுக்கி அதே இடத்தில் ஒருவனை நிற்கச் சொல்லவும் முடியாது.

பிறகு கம்பெனி எல்லா ஆபரேட்டர்களையும் மாத்தூரில் ஒரு பயிற்சி அறைக்கு அனுப்பியது. மூன்று பெரிய திரைகள். நிஜ நாற்காலி, நிஜ லீவர். திரையில் எந்த ஊர் என்று தெரியாத ஒரு துறைமுகம். கழுவி விட்டது போன்ற தரை.

"இதுல ஒரு ஆள நிக்க வெய்ங்க சார்," என்று பயிற்சியாளரிடம் கேட்டார்.

"இதுல ஆளே கெடையாதுப்பா."

"போட முடியாதா?"

"பூட்டித்தான் குடுத்திருக்கான். மூணு பாடம். அத்த மட்டும் ஓட்டு."

அவர் மூன்றையும் ஓட்டினார். மூன்றிலும் நூற்றுக்கு நூறு.

இதில் பாதியை எழில்மொழியிடம் சொன்னார். அவள் ஒரு நோட்டை எடுத்தாள்.

"அளவு சொல்லுங்க," என்றாள்.

பெட்டி இருபதடி நீளம், எட்டடி அகலம், எட்டரை அடி உயரம். ஆறு வரிசை. வரிசைக்கு இடையே ஓரடிக்குச் சற்று மேல். ஒரு ஓரத்தில் லாரிப் பாதை. கேபின் தரை அறுபதடி உயரத்தில், கண்ணாடி. நான்காவது வரிசையில் மூன்று அடுக்கு. ஐந்தாவது காலி. ஆறாவதில் இரண்டு.

"நாலாவதுல மூணுதானா?"

"மூணு."

அவர் ஷிப்ட் முடிந்து வரும் மதியங்களில் அவள் கட்டினாள். ஒரு பெட்டியை வரைந்து அதையே நகலெடுத்து அடுக்கினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டூல யாரு குடுத்தாங்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஆட்டத்த பண்ண கம்பெனியேதான்."

"அவன் கஷ்டப்பட்டு கட்டிக்கிறான். நீ மாத்திக்கோன்னு அவனே சொல்வானா?"

"சில பேரு சொல்வான். சில பேரு பூட்டி வெச்சிக்குவான். குடுத்தா புதுசு வாங்க மாட்டாங்க, பழசயே மாத்தி மாத்தி ஆடிகினு இருப்பாங்கன்னு பயம்."

"ஆடறாங்களா?"

"அஞ்சு வருசமா இத்ததான் ஆடறாங்க."

"எவனா ஏடாகூடமா கட்டுனா?"

"கட்டுறாங்களே. போன மாசம் ஒருத்தன் அவன் காலேஜ கட்னான். பிரின்சிபால் ரூமுக்கு கதவே வெக்கல. உள்ள ஒரு ஆள வேற போட்டுட்டான்."

திருமலை சிரித்தார். சிரித்தது அவருக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எட்டாவது நாள் யார்டு தயாரானது. கேபினில் ஏறி ஒரு பொத்தானை அழுத்தினால் அது லாரிப் பாதையிலிருந்து ஐந்தாவது வரிசைக்கு நகரும். கீழே பெட்டி தொங்கும். வேகமும் அவர் சொன்ன வேகம்தான்.

"அங்க ஒரு ஆள வெக்கட்டுமா?" என்று எழில்மொழி கேட்டாள்.

"வேணாம்."

அவள் ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டு மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் பொத்தானை அழுத்தினார். கேபின் நகர்ந்தது. முதல் வரிசை போனது. இரண்டாவது, மூன்றாவது. தொங்கும் பெட்டியின் நான்கு மூலைகளையும் பார்த்துக்கொண்டே போனார். கேபின் நின்றது. ஐந்தாவது வரிசையைப் பெட்டி முழுவதுமாக மறைத்திருந்தது.

நான்கு முறை போய் வந்தார்.

"ஒண்ணும் தெரியல," என்றார்.

"நல்லதுதானேண்ணா."

"ஆமா."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. எதையும் நினைக்காமல் வீட்டுக்குப் போனார். வீட்டில் சங்கரா மீன் குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் போனார். ஏன் என்று கேட்டிருந்தால் அவரிடம் காரணம் இருந்திருக்காது.

சென்டர் நிறைந்திருந்தது. எட்டுத் திரைகளிலும் அவருடைய யார்டு ஓடிக்கொண்டிருந்தது.

எழில்மொழி எழுந்தாள்.

"எல்லா சிஸ்டத்துலயும் தானா ஏறிடும்ணா. பேரு லிஸ்ட்டுல வந்துச்சு, பசங்க எடுத்துட்டாங்க. இப்ப வேற எதுவும் ஆட மாட்றாங்க."

"உடு."

ஐ.டி.ஐ. முடித்த பாரியும் மதியும் பக்கத்துப் பக்கத்துக் கணினியில் இருந்தார்கள். மதி க்ரேனில் இருந்தான். பாரி கீழே ஓடிக்கொண்டிருந்தான்.

"மாமு, நாலு வாட்டி செத்துட்ட," என்றான் மதி. "இன்னுமா பூந்துகினு கீற அங்க?"

"எப்டிடா பாக்குற? நாலாவது வரிசைக்குப் பின்னால கீறேன். மேல பொட்டி வேற மறைக்குது."

"பொட்டி மறைக்கிறதுக்கு முன்னாலயே உன் தலை தெரியுதுடா. அஞ்சாவது சந்துல நிக்காத. க்ரேன்ல கீறவனுக்குத் தெரியும்."

"டுபாக்கூர் உடாத."

"வேணும்னா நில்லு. அஞ்சாவது வாட்டியும் சாவு."

எழில்மொழி திருமலையைப் பார்த்தாள். அவர் மதியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

"நைனா, கொஞ்சம் எந்திரி."

மதி எழுந்தான். திருமலை உட்கார்ந்தார். பாரியிடம், "நீ அங்கயே நில்லு. ஆறாவது வரிசைய ஒட்டி. அந்தப் பொட்டிய பாத்தாப்புல," என்றார்.

"சுடப் போறியாண்ணா?"

"நில்லு."

கேபினை லாரிப் பாதைக்குக் கொண்டுபோனார். பொத்தானை அழுத்தினார். இந்த முறை தொங்கும் பெட்டியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டார். கண் அங்கேயே போனது. திரும்ப லாரிப் பாதை. திரும்பப் பொத்தான். மூன்றாவது முறைதான் கண்ணை நான்காவது வரிசையின் விளிம்புக்கு மேல் வைக்க முடிந்தது.

விளிம்பைத் தாண்டி ஒரு தலை வந்தது. பிறகு தோள். பிறகு பெட்டி அதை மறைத்தது.

இன்னொரு முறை போனார். எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று வருவதற்குள் மறைந்துவிட்டது.

"பாத்துட்ட இல்ல? சுடுண்ணா," என்றான் மதி.

திருமலை மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணனுக்கு சுட வரலடா," என்றான் பாரி. "இவரு மேல இருந்தா நா நூறு வயசு இருப்பேன்."

மதி சிரித்தான். திருமலை எழுந்து அவனுக்கு இடம் விட்டார்.

வாசலில் எழில்மொழி அவருடன் வந்து நின்றாள். எதிரே பேருந்து ஒன்று போனது.

"நாலாவதுல இன்னொரு பொட்டி ஏத்திட்டா தெரியாதுண்ணா," என்றாள். "ஒரு நிமிசம். ஏத்திடவா?"

"அன்னிக்கி மூணுதான்."

"சரி."

"மாத்தூர்ல பூட்டி வெச்சிருந்தான்," என்றார். "அது தேவலாம்."

"அத்த ஒண்ணும் உங்களுக்காகப் பூட்டலண்ணா."

அவர் தலையை ஆட்டினார். அது சரியா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. வியாசர்பாடியில் மூன்று மாடிக் குடியிருப்பின் மேல்தள வராந்தாவில் தாயம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே மைதானத்தில் ஃபுட்பால் நடந்தது. திருமலை படியேறி வந்து கைப்பிடிச் சுவர் அருகே நின்றார்.

"தெரியும்," என்றார்.

தாயம்மா ஒரு கிளிப்பைக் கழற்றினாள்.

"மேலருந்து தெரியும். ரெண்டு செகண்டு. அப்புறம் மறைச்சிடும்."

"அப்ப நீ இன்னா பாத்துகினு இருந்த?"

"பொட்டிய. அதோட மூலைய. பொட்டி நல்லா பூட்டிகினு இருந்தா பச்சை லைட்டு எரியும், அத்ததான் பாக்கணும்."

"அத்த மட்டுந்தான் பாக்கணுமா?"

"அப்டித்தான் பழகிட்டேன்."

அவள் சட்டையை மடித்தாள். சிறிய சட்டை. பள்ளிச் சட்டை.

"நீ யாருகிட்ட வேணா சொல்லு," என்றார். "கோர்ட்டுன்னா நான் வந்து சொல்றேன்."

"ரெண்டு செகண்டுன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

அவர் சொன்னார். விளையாட்டு சென்டர், அந்தப் பெண், பாரியின் தலை. சொல்லச் சொல்ல அது முட்டாள்தனமாக இருந்தது. தாயம்மா கடைசிவரை கேட்டாள்.

"நா பாக்கணும்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சென்டரில் ஆள் இல்லை. தாயம்மா ஒரு பிளாஸ்டிக் பையுடன் வந்தாள். எழில்மொழி அவளை உட்கார வைத்து மவுஸை எப்படித் திருப்புவது என்று காட்டினாள்.

"க்ரேன் மேல ஏத்தி உடட்டுமாக்கா?"

"வேணாம். அவரு நின்ன எடத்துல உடு."

திரையில் இரு பக்கமும் சுவர் போலப் பெட்டிகள் வந்தன. மேலே குறுகலாக வானம். தாயம்மா மவுஸை மெதுவாகத் திருப்பினாள். அவளுக்குப் பழக்கம் இல்லை, பார்வை தரைக்குப் போய்த் திரும்ப மேலே வந்தது. எழில்மொழி அடுத்த கணினியிலிருந்து க்ரேனை நகர்த்தினாள். நான்காவது வரிசைக்கு மேலே கேபின் வந்தது.

"இங்கருந்து நீ தெரியறியே," என்றாள் தாயம்மா.

"தெரியும்," என்றார் திருமலை. "அவன் அந்தப் பக்கம் முதுகு காட்டிகினு இருந்தான்."

"எந்தப் பொட்டிய பாத்துகினு இருந்தாரு?"

"செவப்பு. பின்னால."

அவள் திருப்பினாள். சிவப்புச் சுவர் திரையை நிறைத்தது. அவள் அதையே பார்த்தாள். க்ரேன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லியே," என்றாள். "இன்னாத்த பாத்தாரு?"

"நம்பர. பொட்டி நம்பர்."

"நம்பர் எங்க?"

"நான் போடலக்கா," என்றாள் எழில்மொழி.

"போடு."

எழில்மொழி ஆட்டத்தை மூடிவிட்டு டூலைத் திறந்தாள். ஆறாவது வரிசையின் பெட்டியைத் தேர்ந்தாள்.

"எங்க போடணும்ணா?"

"மேல. வலது பக்க மூலைல. வெள்ளை எழுத்து."

"எவ்ளோ ஒசரம்?" என்று தாயம்மா கேட்டாள்.

"ஏழரை அடி இருக்கும்."

"அப்ப அண்ணாந்துதான் பாத்திருப்பாரு."

"ஆமா."

"நம்பர் இன்னான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் எழில்மொழி.

திருமலை சொன்னார். தாள் எதையும் எடுக்கவில்லை. ஏழு இலக்கங்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல அவள் அடித்தாள். ஐந்தாவது இலக்கத்தில் நிறுத்தி, முதலிலிருந்து மீண்டும் சொன்னார். முன்பு சொன்னதும் இப்போது சொன்னதும் ஒன்றுதான்.

எழில்மொழி ஒரு பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

"திரும்பக் கட்டுது," என்றாள். "நாலு நிமிசம் ஆகும்."

தாயம்மா பையை மடியில் வைத்துக்கொண்டாள். திருமலை அவளுக்குப் பின்னால் நின்றார். மூவரும் காத்திருந்தார்கள்.