பின்மண்டையில் ஒரு துளை

டாக்டர் கிருபாகரன் மண்டை ஓட்டைத் திருப்பினார். நெற்றியில் ஒரு துளை. பின்மண்டையில் ஒன்று. பார்த்ததுமே புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் திரும்பவே அவருக்குத் தயக்கமாக இருந்தது.

வெளியே மாயக்காள் காத்திருந்தாள். உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். அவள் புருஷன் சிவனாண்டி, தன் தம்பி விருமாண்டியை நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதாக வழக்கு. 'தம்பி நேருக்கு நேர் நின்று துப்பாக்கியைப் பிடுங்கினான், இழுபறியில் வெடித்துவிட்டது' என்பது சிவனாண்டியின் கட்சி. கொலை நடந்த 1977-இல் பிரேதத்தை அறுத்துப் பார்த்த வேறொரு டாக்டர், 'தலையில் குண்டுக் காயம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். குண்டு பாய்ந்தது முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா? சொல்வதற்கு எலும்பு மட்டுமே மிச்சம். சொந்தபந்தம் முழுக்க எதிர்த்தும், வக்கீலை நச்சரித்துக் குழியைத் தோண்ட கோர்ட் உத்தரவு வாங்கியவள் மாயக்காள்தான்.

"உள்ள போகாத தாயி, இதென்ன சந்தையா?" சவக்கிடங்கு ஊழியர் மொக்கையன் தடுத்தார்.

"சந்தைன்னா வெலையாச்சும் சொல்லுவாகண்ணே. இங்க யாருமே வாயத் தொறக்க மாட்டேங்கிறீக."

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ரிப்போர்ட் கோர்ட்டுக்குத்தான் போகும். உங்ககிட்ட நான் சொல்லக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

அவள் மேஜையைப் பார்த்தாள். பின்மண்டைத் துளை வெளிப்பக்கம் சின்னதாக, வட்டமாக இருந்தது. உட்பக்கம் சில்லு பெயர்ந்து அகன்றிருந்தது. நெற்றித் துளை அதற்கு நேர்மாறு.

"பானையில ஆணி அடிச்சா உள்பக்கந்தானய்யா சில்லு பேரும்?"

டாக்டர் மண்டை ஓட்டைத் துணியால் மூடினார்.

"அப்ப, பின்னாடி நின்னுல்ல சுட்டிருக்காரு."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன். எலும்பக் கொண்டுபோயி அதே குழியில போட்ருவோம்யா."

"இனிமே முடியாதும்மா."

"நான் கேக்காமலே இருந்திருந்தா?"

"தோண்டியிருக்க மாட்டாங்க."

மாயக்காள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெயிலுக்குப் போறப்பல்லாம், 'வேணாம் புள்ள, தோண்டாத'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. தம்பி மேல இம்புட்டுப் பாசமான்னு நெனச்சேன்."

மொக்கையன் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை.

"நாளைக்குப் பாக்கப் போகணும். எலும்பு என்ன சொல்லுச்சுன்னு கேப்பாரே, என்னய்யா சொல்ல?"

கிருபாகரன் ரிப்போர்ட் தாளை எடுத்து வைத்தார். அவள் எழுந்து போன பிறகு எழுதலாம் என்று காத்திருந்தார். அவள் எழவில்லை. மணி ஒன்றாகிவிட்டது. ரிப்போர்ட்டை வாங்கிப் போகக் கோர்ட் சேவகர் வாசலில் வந்து நின்றார்.

டாக்டர் பேனாவைத் திறந்து, அவள் முன்னாலேயே எழுதத் தொடங்கினார்.