நீலப்பச்சை வண்டி

டுவேனின் கராஜில் சனிக்கிழமை காலை கூடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவன் கிட்டார் கொண்டுவந்தால், அது எந்த வண்டியின் நிறம் என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் எலெக்ட்ரிக் கிட்டார்களுக்குக் கார் பெயின்ட்தான் அடித்தார்கள். டுவேனின் கிட்டார் சிவப்பு; அவர் அப்பாவின் பான்டியாக் காரும் அதே சிவப்பு. வெண்டலுடையது கறுப்பு. அவர் தன் ப்யூக் காரை ஃப்ளின்ட் ஊரில் ஒரு பாலத்துத் தூணில் கொண்டுபோய்ச் சொருகிய கதையை எல்லோரும் சலிக்கச் சலிக்கக் கேட்டாயிற்று.

நோலன் முதல் தடவை வந்தது அவன் மனைவி டெஸ்ஸா இறந்த அடுத்த மாதம். வீட்டில் இருக்க முடியாமல் வந்தான். கையில் இருந்தது நீலப்பச்சைக் கிட்டார். பழைய சாமான் கடையில் நிறம்கூடப் பார்க்காமல் எடுத்தது.

"எந்த வண்டி தம்பி?" என்று கேட்டார் வெண்டல்.

"ஐம்பத்தாறாம் வருஷத்து செவர்லே. மாமனாரோடது."

வாயில் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"கல்யாணம் ஆனதும் நானும் டெஸ்ஸாவும் அதுலதான் ஹூரான் ஏரிக்குப் போனோம். அவ போன மாசம் தவறிட்டா."

டுவேன் எழுந்து தன் நாற்காலியை, அங்கிருந்தவற்றில் முதுகு சாய்க்க முடிந்த ஒரே ஒன்றை, அவன் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து அது அவன் நாற்காலி. அன்றிலிருந்து அந்த வண்டியும் அவன் பேச்சில் ஓடிக்கொண்டே இருந்தது. யாராவது கேட்பார்கள், அவன் கொஞ்சம் சேர்ப்பான். முன்னிருக்கை ஒரே நீளம், அதில் டெஸ்ஸா நகர்ந்து நகர்ந்து அவன் தோளோடு வந்து ஒட்டிக்கொண்டாள். ஏரிக்கரையில் பானட் மேல் ஏறி உட்கார்ந்து வறுத்த மீன் தின்றாள். காகிதத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனதும் சிரித்தாள்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை கராஜ் வாசலில் அதே மாதிரி ஒரு வண்டி நின்றது. நீலப்பச்சையும் வெள்ளையும்.

"லான்சிங் ஊர்ல இருக்கிற என் மச்சானோடது. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்," என்றார் டுவேன். "இன்னிக்கு ஒரு நாள் உன்னுது. ஏறு."

"கெஞ்சினதுக்கெல்லாம் அவன் தரல," என்றார் வெண்டல். "இவரு கிட்டார எடுத்து மடியில வெச்சாரு. வாசிச்சிடப் போறாரேன்னு பயந்து சாவியத் தூக்கிப் போட்டுட்டான்."

நோலன் சிரித்தான்.

ஓட்டுவது கடினமாக இல்லை. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது, கிளட்ச் கிடையாது. டுவேன் பக்கத்தில், வெண்டல் பின்னால். டுவேன் வேண்டுமென்றே கதவோரம் தள்ளி உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. "போட்டுரு," என்றார் டுவேன்.

நோலன் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பம்பின் குழாயை எடுத்துக்கொண்டு வண்டியின் வலப்பக்கம் போனான். டாங்க் மூடி அங்கே இல்லை. இடப்பக்கம் வந்தான். இல்லை. நம்பர் பிளேட்டை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. பின்கண்ணாடி வழியே வெண்டல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்டலும் வரவில்லை.

டுவேன் இறங்கி வந்தார். இடப்பக்கத்துப் பின்விளக்கைப் பிடித்துத் திருகிக் கீழே சாய்த்தார். விளக்கு கதவு மாதிரி திறந்தது. உள்ளே மூடி. அந்த வண்டியில் ஒரு தடவை பெட்ரோல் போட்டவன் இதை மறக்கமாட்டான்.

"ரொம்ப நாளாச்சில்ல," என்றார் டுவேன், அவன் முகத்தைப் பார்க்காமல். "பெட்ரோலெல்லாம் உன் மாமனாரே போட்டிருப்பாரு."

"ஆமா," என்றான் நோலன்.

திரும்பி வந்தபோது கராஜில் மற்றவர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி ஓட்டினான் என்று ஒருவர் கேட்டார்.

"அதுலயே பொறந்து வளந்தவன் மாதிரி ஓட்டினான்," என்றார் டுவேன்.

வெண்டல் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து, செருகியிருந்த வயரை உருவி மறுபடி செருகினார். இதுவரை நோலன் மட்டும்தான் பொய் சொல்லியிருந்தான். இப்போது டுவேனும் அவனுக்காகச் சொல்லிவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார அவனால் முடியவில்லை.

"அப்படி ஒரு வண்டியே இல்ல," என்றான். "மாமனாருக்குக் கார் ஓட்டவே தெரியாது. டெஸ்ஸாவோட தோழி வண்டிய இரவல் வாங்கிட்டுப் போனோம். சின்ன வண்டி. ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல இறங்காது. போன அன்னிக்கு ஒரே மழை. ஏரியே கண்ணுக்குத் தெரியல."

யாரோ ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்கள். இரைச்சல் நின்றது.

"அட, இவ்வளவுதானா?" என்றார் வெண்டல். "உன் மூஞ்சியப் பாத்து, யாரையோ கொன்னுட்டியாக்கும்னு நெனச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டுவேன் மெதுவாகக் கேட்டார்: "ஏரி தெரியலன்னதும் அவ என்ன பண்ணினா?"

நோலன் யோசித்தான். வைப்பர் சத்தம் நினைவுக்கு வந்தது. ஈரத் துணி வாடை வந்தது. நினைவுக்குள்ளேயே பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவள் நீள இருக்கையில் நகர்ந்து நகர்ந்து வந்துகொண்டிருந்தாள், அவன் இந்தக் கராஜில் உட்கார்ந்து அவளுக்குக் கட்டிக்கொடுத்த சிரிப்போடு. மறுபடி பார்த்தான். அதே சிரிப்பு. மழையன்று இருந்த அவள் முகம் வரவே இல்லை.

"ஞாபகம் இல்ல," என்றான்.

பொய்யைச் சொன்னபோதுகூட நிமிர்ந்துதான் இருந்தான். இதைச் சொன்ன பிறகு அவனால் தலையைத் தூக்க முடியவில்லை.