நடுவில் வைத்த பச்சைத் துணி

வனிதா அக்காவைக் கம்பளி பின்னக் கற்றுக்கொள்ளச் சொன்னது நான்தான். மாமா இறந்து மூன்று வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வல்லத்திராக்கோட்டையில் அந்த வீட்டில் அவள் மட்டும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஒருநாள் போனில் சொன்னாள். புதுக்கோட்டையில் இரண்டு ஊசியும் நாலு உருண்டை நூலும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பின்னினாள். ஒரு கண்ணி நழுவினால் வரிசை முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். என் மனைவி தேவிப்ரியா அப்போது கர்ப்பமாக இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று அக்கா பின்னிய முதல் குல்லாய் என் தலைக்குச் சரியாக இருந்தது.

“இதப் போட்டுக்கிட்டு நான் ஊட்டிக்குத்தான் போகணும்” என்றேன்.

“போ. அங்கிட்டே இருந்துக்க” என்றாள். மாமா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கம்பளி இந்த வெயிலுக்கு ஆகாது என்று பிறகு அவளே ஒட்டுப் போர்வைக்கு மாறினாள். துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி மெஷினில் இணைத்து, அடியில் பழைய பருத்திப் போர்வையை வைத்து, மேலிருந்து கீழ்வரை கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். முதல் இரண்டும் கோணலாக வந்தன. மூன்றாவது போர்வை, பிள்ளைக்கு என்றாள். எந்தத் துணியில் தைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளையோடு தேவிப்ரியா அம்மா வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் வந்தாள். வந்த அன்றே அக்கா போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை பேர் வைத்துத் தொட்டிலில் போடுவதாக இருந்தது. அத்தைக்காரிதான் போட வேண்டும், அவளை ஒதுக்கினால் விசேஷமே வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கருமாதியில் அவள் வளையலை உடைக்கக் கூடாது என்று பெரியப்பாவோடு சண்டை போட்டவன் நான். வளையல் தப்பியது. கணவன் போனவள்மேல் போர்த்தும் கோடிச் சேலையும் கூடாது என்று சொல்ல மட்டும் அன்று வாய் வரவில்லை. பிறந்த வீட்டுச் சேலை என்று என் கையால்தான் அவள்மேல் போர்த்தினேன். பங்காளிகளும் தாய்மாமன் வீட்டாரும் போர்த்தினார்கள். மொத்தம் ஏழு சேலை. அவள் எதையும் உடுத்தி நான் பார்த்ததில்லை.

போர்வையை விரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் பச்சைச் சதுரம், அதில் மஞ்சள் பொட்டு. கடை அடைக்கும் நேரத்தில் கீழராஜ வீதியில் ஓடிப்போய் நான் வாங்கியது. சுற்றியிருந்தவை மற்ற ஆறு.

தேவிப்ரியாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. “அண்ணி கையில என்னமோ இருக்குங்க. பாருங்க, எப்படித் தூங்குறான்” என்றாள். உண்மைதான். இரவில் மூன்று முறை எழுகிறவன் அதன்மேல் ஒரே தூக்கமாகத் தூங்கினான். துணி துணிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், பிள்ளைக்கு எழுபத்தைந்தாம் நாள் ஊசி. காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். சாயங்காலம் வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதான். சொட்டுமருந்து கொடுத்தோம், ஈரத்துணியால் துடைத்தோம். தேவிப்ரியா அவனைத் திரும்ப அந்தப் போர்வைமேல் படுக்கவைக்கப் போனபோது வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அது கோடிச் சேலைகளில் தைத்தது என்று சொன்னேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“விரிச்ச அன்னைக்கே.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்ல” என்றாள். அதன்பிறகு அவளால் அந்தப் போர்வையைத் தொட முடியவில்லை. மறுநாள் விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. போர்வையை நான்தான் மடித்துத் துணிப்பையில் வைத்தேன்.

வல்லத்திராக்கோட்டையில் அக்கா பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். தேவிப்ரியாதான் கண்டுபிடித்தாள் என்று சொல்லிவிடலாம் என பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். அக்காவின் முகத்துக்கு நேரே அது வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், பயத்தில் தேவிப்ரியாவிடம் நானே சொல்லிவிட்டேன் என்றேன்.

வெளியில் ஒரு டிராக்டர் போய், அதன் சத்தமும் அடங்கியது.

“அவளுக்குத் தெரியாதுன்னு தெரியும்” என்றாள் அக்கா. “ஒனக்குத் தெரியும்னுதான் தம்பி அத நடுவுல வச்சேன். ஏழையும் பீரோவுல வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? உடுத்தவும் முடியல, யாருக்கும் குடுக்கவும் முடியல. புள்ள படுத்துக்கிட்டா அது வெறும் சேலையாப் போயிரும்னு நெனச்சேன். நீ பாத்துட்டு ஒண்ணும் சொல்லலைன்னதும் ஆயிருச்சுன்னே இருந்தேன்.”

போர்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். தேவிப்ரியாவிடம் பேசியிருக்கலாம். கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிரு. நீ கூப்பிட்ட, நான்தான் வரல.”

அப்படியெல்லாம் சொல்லாதே என்று வாய் சொன்னது. மூன்று மாதமாக எல்லோரிடமும் மல்லுக்கட்டி வாங்கிவைத்திருந்த வெள்ளிக்கிழமை அது. ஆனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.