சூசைக்கொட்டாயில் தங்கிவிட்ட செபங்கள்

பாப்பாரப்பட்டிக்குத் தெற்கே உள்ள சூசைக்கொட்டாயில், புஷ்பமேரி அவர்களின் வீட்டில் கேட்கப்பட்டுப் பதில் கிடைக்காத வார்த்தைகள், 2021ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதல் வீட்டைவிட்டு வெளியேறுவதை நிறுத்திக்கொண்டன. மற்றப் பேச்சுகள் வழக்கம்போல் சன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. ராகி மாவு தீர்ந்துவிட்டது என்றோ, பால்காரர் வந்துவிட்டார் என்றோ சொன்னால் அது சொன்ன மாத்திரத்தில் மறைந்தது. ஆனால் அடுப்பின் அருகே நின்று "ஆண்டவரே, அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டால், அந்தக் கேள்வி அடுப்பின் அருகிலேயே நின்று, மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்தது. புதிதாகப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் காரணம் என்று ஊரார் முதலில் எண்ணினார்கள். இரண்டு தகடுகளைக் கழற்றி வைத்துப் பார்த்தபோது வெயில் உள்ளே வந்தது. செபங்கள் வெளியே போகவில்லை.

தேடப்பட்டவர் புஷ்பமேரியின் கணவர் ஜேக்கப். ஆழ்துளைக் கிணறு வறண்டு இரண்டு ஏக்கர் நிலம் தரிசாகக் கிடந்ததால், ஓசூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்த நேரத்தில் அழைப்பார். அந்த வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாதா சுரூபம் வைத்திருந்த பீடப் பலகை. புஷ்பமேரி கைப்பேசியை மாதாவின் காலடியில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, சுத்தியலால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டே பேசுவார். ஆவணி மாதத்தின் கடைசி அழைப்பில் ஜேக்கப், "மேரி, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். மோட்டார் காயில் எரிந்துபோனதும், ஜேக்கப்பின் அண்ணன் வியாகுலத்தின் ஆடுகள் அவரைச் செடியை மேய்ந்ததும், மகள் ஜோஸ்பினுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்ததும் புஷ்பமேரியிடம் சொல்வதற்குக் காத்திருந்தன. அவர் அவற்றை நிறுத்தாமல் சொன்னார். சுத்தியல் புளியங்கொட்டையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மறுமுனையில் ஏதோ ஒலித்தது என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது. பிறகு, "சார்ஜ் போவுதுங்க, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அந்த எண் அதன்பின் ஒருபோதும் இயங்கவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது முறை, ஐம்பது முறை என்று புஷ்பமேரி கேட்டார். பாத்திரம் துலக்கும் இடத்தில், கொல்லையில், கட்டிலில், எல்லாவற்றுக்கும் மேலாகப் பீடத்தின் முன்னால் கேட்டார். ஓராண்டுக்குள் வீட்டில் நடப்பதே சிரமமாயிற்று. கை நீட்டினால் ஒரு மன்றாட்டு இடித்தது. விடுமுறைக்கு வந்த ஜோஸ்பின் மூன்றாம் நாளே, "அம்மா, படிக்கவே முடியலம்மா, செவுரெல்லாம் அழுவுது" என்று சொல்லி விடுதிக்குத் திரும்பிவிட்டாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் மட்டும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தன் புளி மூட்டையோடு தினமும் வந்து உட்கார்ந்தார்.

"உங்க சாமிக்கு வாய் தெறக்கறதுக்கு ஒரு சந்து வுடு மேரி. மூச்சு வுடாம நீயே கேட்டுக்கினு இருந்தா அவரு எப்பத்தான் சொல்லுவாரு?" என்றார் ஒரு நாள்.

"கேக்கறத நிறுத்துனா மறந்துட்டேன்னு நெனச்சிக்குவாருக்கா."

"ஆமா, சந்தக்கட வெச்சிருக்காரு பாரு, மறந்துபோறதுக்கு."

பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் சொன்ன ஆசியுரை பதில் எதையும் கேட்காததால் உடனே வெளியேறிவிட்டது. இவை கெட்டவை அல்ல, ஆனால் அதிகம் என்று பணிவோடு கூறிவிட்டு, வாசலில் தலையைக் குனிந்து அவற்றுக்கு வழிவிட்டு நடந்து போனார்.

கடவுள் வாய் திறவாததால், அவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று புஷ்பமேரி சீட்டு எழுதத் தொடங்கினார். பாப்பாரப்பட்டி பேருந்து நிலையத்தில் பார்த்த பெயர்ப் பலகைகளில் உள்ள ஊர்களையெல்லாம் தாள்துண்டுகளில் எழுதி, உருட்டி, மாதாவின் காலடியில் குலுக்கி ஒன்றை எடுப்பார். எடுத்த ஊருக்குப் போவார். இப்படிக் காரிமங்கலம் சந்தைக்குப் போய் மாட்டுத் தரகர்களிடம் ஜேக்கப்பின் புகைப்படத்தைக் காட்டினார். ஓசூருக்கு நான்கு முறை சீட்டு விழுந்தது. ஒருமுறை தீர்த்தமலை வந்தது. கழுத்தில் ஜெபமாலையோடு அடிவாரத்தில் நின்று, இறங்கி வருகிற பக்தர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்தார். ஒரு முதியவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தம் பங்குத் தேங்காய் மூடியை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். பேருந்து போகாத இடம் எதையும் அவர் சீட்டில் எழுதியதில்லை. அப்படியும் இடங்கள் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

2024ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று வியாகுலம் ஒரு கட்டு மெழுகுவத்தியோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே நுழைய இடமில்லை.

"மேரி, இறந்தவங்க பட்டியல்ல தம்பி பேர சேத்துடலாம்மா. அவன் ஆத்துமாவாச்சும் இளைப்பாறட்டும்."

"செத்தாருன்னு யாருங்க சொன்னது?"

"இருக்கான்னு யாரு சொன்னா?"

இதற்கு இருவரிடமும் பதில் இல்லாததால் அந்தக் கேள்விகளும் வாசல்படியில் தங்கிவிட்டன. வரும் உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்குள் ஒரு தகவலும் வராவிட்டால் பெயரைச் சேர்த்துவிடுவது என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து புஷ்பமேரி உரக்கக் கேட்கத் தொடங்கினார். தூங்காமல் கேட்டார். உண்ணாமல் கேட்டார். மாசி மாதத்தில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், அவர் வாயைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது. தருமபுரியில் தொண்டை மருத்துவர் ஒருவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்து, புண் ஆற வேண்டுமானால் பாஸ்கா வரையில் ஒரு சொல்லும் பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு புஷ்பமேரி பேருந்தில் அழுதார். கேட்பதற்கென்று மீதமிருந்த நாட்கள் அவைதான். அவற்றையும் பறித்துக்கொண்டார்களே என்று நினைத்தார்.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் பழைய செபங்கள் வழக்கம்போல் ஒலித்தன. இரண்டாம் வாரத்தில், புதியவை வந்து சேராததால், மேலே இருந்தவை வெயிலில் கிடந்த புளியந்தோடுபோல் உலர்ந்து உதிர்ந்தன. காலையில் பெருக்கும்போது துடைப்பத்தில் மெல்லிய முனகல்கள் வந்தன. அவற்றை அள்ளிக் குப்பைக்குழியில் போட்டார். நான்காம் வாரம் அடுப்பங்கரை அமைதியாயிற்று. நஞ்சம்மாள் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "அய்ய, உன் வூட்ல பல்லி இருக்குதா மேரி?" என்று வியந்தார். ஐந்தாம் வாரம், பீடத்தின்மேல் குவிந்திருந்ததைத் தவிர வீடு முழுவதும் ஓய்ந்தது. அந்த ஓய்வு புஷ்பமேரியைக் கலங்கடித்தது. கேள்விகள் இருந்தவரை பதிலுக்கு இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மிளகாயைத் திருப்பிப் போடும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

குரல் என்று அதைச் சொல்ல இயலாது. கொட்டை நீக்கிய புளி கூடையில் விழும் சத்தத்தைவிடச் சிறியது. முற்றத்தில் காய்ந்த மிளகாயை அவர் திருப்பிப் போட்டார். மறுநாள் நண்பகலில், நஞ்சம்மாள் வீட்டுக் கதவைத் தட்டும்படி சொல்லப்பட்டது. போய்த் தட்டியபோது நஞ்சம்மாள் காய்ச்சலில் எழ முடியாமல், குடிக்கத் தண்ணீர் இன்றிக் கிடந்தார். அதற்கடுத்த நாள் கோழிக்கூண்டை மூடச் சொன்னது. மூடிய சற்று நேரத்தில் கீரி வந்து திரும்பிப் போனது. புஷ்பமேரிக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, கோபமே வந்தது. நான்கு ஆண்டுகளாக ஒரே ஒரு கேள்வி கேட்டவருக்கு மிளகாயும் கோழியுமா பதில் என்று மாதாவை முறைத்துப் பார்த்தார். ஆயினும் செய்தார். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரத்தின் புதன்கிழமை, பீடத்தைத் துடைக்கும்படி சொல்லப்பட்டது.

அந்தக் குவியலில் கை வைக்க அவருக்கு அச்சமாக இருந்தது. அவருடைய மன்றாட்டுகள் அங்கேதான் மிகுதி. ஈரத்துணியை எடுத்து மெதுவாகத் துடைத்தார். காரிமங்கலம் போகட்டுமா என்று கேட்டது, கனவிலாவது காட்டும் என்று கேட்டது, ஓசூருக்குப் போவதற்கு முன் கேட்டவை எல்லாம் அடுக்கடுக்காக வந்தன. கடைசி அடுக்கையும் துடைத்தபோது, பலகையோடு ஒட்டி, பானையின் அடியில் உப்பிட்டு அமுக்கிய பழம்புளிபோல் கெடாமல் ஒரு குரல் இருந்தது. அது புஷ்பமேரியின் குரல் அல்ல.

"மேரி, நான் சொல்றத கொஞ்சம் கேளு. எனக்குக் கண்ணு மங்கிக்கினே வருது. சாரத்து மேல ஏத்த மாட்டேங்கறாங்க. இந்த போனும் மேஸ்திரியோடது, குடுத்துட்டுப் போவணும். தளிக்கு அந்தாண்ட, பஸ்ஸு போவாத காட்டுல ஒரு ரோஜாத் தோட்டம் இருக்குதாம், தண்ணி தெறந்து வுடற வேலை. அங்க போவட்டுமா, வூட்டுக்கே வந்துடட்டுமா? கண்ணு தெரியாதவன வச்சிக்கினு உனக்குக் கஷ்டம். நீ சொல்லு. வரட்டுமா, வேணாமா?"

அதன்மேல் சுத்தியல் சத்தமும், ஆடுகளைப் பற்றிய புஷ்பமேரியின் சொந்தப் புகாரும் மெல்லிய தூசியாகப் படிந்திருந்தன. கேட்டுப் பதில் பெறாமல் அந்த வீட்டில் முதன்முதலாகத் தங்கிய வார்த்தைகள் அவைதாம். புஷ்பமேரி துணியை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், மருத்துவர் சொன்னபடி அழுதார்.

மறுநாள் பெரிய வியாழன். சீட்டு எதுவும் குலுக்காமல், வியாகுலத்தை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு தளி வரை பேருந்தில் போய், அங்கிருந்து நடந்தார்கள். கன்னடமும் தெலுங்குமாகப் பேசிய தோட்டக்காரர்களிடம் வியாகுலம் விசாரித்தார். மூன்றாவது தோட்டத்தில், பிளாஸ்டிக் கூடாரத்தின் ஓரத்தில், குழாய்களில் நீர் ஓடும் ஒலியைக் காதால் அளந்து அடைப்பானைத் திருகிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார்கள். தலை நரைத்திருந்தது. வியாகுலம் கூடார வாசலிலேயே நின்றுவிட்டார். காலடிச் சத்தம் கேட்டு அந்த மனிதர் முகத்தைத் திருப்பி, "யாருங்க?" என்றார்.

பேசக்கூடாத நாட்களில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தன. புஷ்பமேரி தம் கையை அவர் கையில் வைத்தார். ஜேக்கப் அந்த விரல்களைத் தடவிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். நான்கு பருவத்துப் புளி அந்த நகக்கண்களில் இருந்தது.

"மேரியா?" என்றார். பதில் இல்லாததால், "மேரின்னா இந்நேரம் மோட்டாரப் பத்திச் சொல்லியிருப்பாளே" என்று சிரிக்க முயன்றார். அவருடைய வாய் கோணிக்கொண்டது. "கோவமா? பதிலே காணோம், வேணாம்னு நெனச்சிட்டேன் மேரி. எங்க வந்து கேக்கறது..."

புஷ்பமேரி அவருடைய கையை எடுத்துத் தம் மூடிய உதடுகளின்மேல் வைத்துக்கொண்டு, ஈரத்தரையில் உட்கார்ந்தார். ஜேக்கப்பும் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். முதல் நாளிலிருந்து பேசினார். வெயில் சாயும்வரை பேசினார். புஷ்பமேரி அதில் ஒரு சொல்லையும் விடவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு காலையில், சூசைக்கொட்டாய் வீட்டில், பீடத்தின்மேல் அந்தக் கேள்வி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டவர் கீழே பாயில் அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். புஷ்பமேரி அதன் முன்னால் போய் நின்று, நாற்பத்தேழு நாட்களில் முதல் சொல்லாக, "வாங்க" என்றார். கேள்வி பலகையைவிட்டு எழுந்து, சன்னல் வழியாகத் தோட்டத்துப் பக்கம் போயிற்று. வாசல்படியில் ஓய்ந்து கிடந்த பழைய கேள்விகளை வியாகுலம் தாமே வந்து பொறுக்கிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் பதில் கிடைக்காத வார்த்தைகள் இன்றும் தங்கத்தான் செய்கின்றன. ஜேக்கப்பின் கண்களைப் பற்றிய ஒரு செபம் பீடத்தில் இருக்கிறது. ஒருமுறைதான் சொல்லப்பட்டது, மெதுவாக ஒலிக்கிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நண்பகலில் இருவரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருப்பார்கள்.

"ஏதாச்சும் சொல்லுதா மேரி?" என்று கேட்பார் ஜேக்கப்.

"மொளகாயத் திருப்பிப் போடச் சொல்லுதுங்க."

ஜேக்கப் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே முற்றத்துக்குப் போய், மிளகாயைத் திருப்பிப் போடுவார்.